உப்பு நீரில் நிற்கும் மரம்

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் ஜித்தாவில் இறங்கும் நம்மில் எத்தனை பேர் அந்தக் கடலோரத்தைக் கண்ணெடுத்துப் பார்த்திருக்கிறோம்? நாம் பார்க்கவில்லை, மூட்டை முடிச்சைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம்.

1762 டிசம்பரில் போர்ஸ்கால் என்ற வாலிபர், டென்மார்க் அரசர் அனுப்பிய குழுவோடு, ஜித்தாவிலிருந்து யமன் தேசத்து லுஹையாவுக்குப் பாய்மரப் படகில் போனார். செங்கடல் ஓரத்துச் செடிகளையும் மீன்களையும் சேகரித்து, அரபியர் சொன்ன பெயர்களையும் எழுதிக்கொண்டார். ஹரக், போஹர் என்ற அப்பெயர்கள் இன்றும் அம்மீன்களின் விஞ்ஞானப் பெயர்களில் நிற்கின்றன. 1763 ஜூலையில் யமனிலேயே காய்ச்சலில் மாண்டார், வயது 31. உடன்சென்ற நீபூர் 1775ல் அவர் குறிப்புகளை அச்சேற்றினார்.

அவற்றுள் ஒரு மரம், அரபியர் ஷூரா என்பது. மலாய்க்காரரின் அப்பி அப்பி இந்த இனந்தான். முத்துப்பேட்டைக்காரருக்கு அலையாத்திக் காட்டை நாம் விளக்க வேண்டியதில்லை. இவ்வினத்தின் விஞ்ஞானப் பெயர் அவிசென்னியா, அதாவது நம் இப்னு ஸீனாவின் பெயர்!

மழை அரிதான பாலைக்கரை. குடிப்பதோ கடல்நீர். உப்பில் பெரும்பகுதியை வேரே தடுத்துவிடுகிறது. தப்பி ஏறியதை இலை வெளியே கக்குகிறது. தடவினால் விரலில் உப்பு ஒட்டும். வேரடியில் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. ஒட்டகம் வந்து இலை தின்கிறது. அல்லாஹ்வின் ஏற்பாட்டைப் பாருங்கள்!

நாம் கடை வைத்திருப்பதும் உப்பு நீரில்தான். வட்டி வாசல்வரை வருகிறது. “எல்லாரும் வாங்குகிறார்கள், நாம் என்ன செய்ய?” என்று சொல்லித்தான் சென்ற வருஷம் நாமே ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டோம். அதில் இன்னும் எட்டுத் தவணை பாக்கி. அடுத்த பத்திரம் மேஜைமேல் கிடக்கிறது. அதில் கையெழுத்து இல்லை, இன்ஷா அல்லாஹ்.