அறிஞர் உரையும் ஊரார் வினாவும்

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மேற்கே நோக்குவோர் காணும் மலைத்தொடர் வடக்கே தேனி மாவட்டம் வரை நீள்கிறது. அங்கே பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இசைவளித்தது. உள்ளே 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு. மேலே ஒரு கிலோமீட்டருக்கும் மிகுந்த பாறை. கதிர்வீச்சு வருமோ, வெடிவைப்பால் நீர் வற்றுமோ என ஊரார் அஞ்சினர்.

விஞ்ஞானிகள் ஊர்களுக்குச் சென்று உரை நிகழ்த்தாமலில்லை. நொடிதோறும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம் உடலை ஊடுருவுகின்றன, தீங்கில்லை என்றனர். உண்மைதான். துகளைக் குறித்த அச்சத்திற்கு அவ்விடை போதும். கிணற்றைக் குறித்த அச்சத்திற்கு? அங்கே இயற்பியலாரும் நம்மைப் போல மாணவரே; நிலநூல் வல்லாரைக் கேட்டாக வேண்டும்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 வினாக்கள் கேட்கப்பட, 32க்கு ‘அறியேன்’ என்றார்கள் என்பர். அதனால் அவர்தம் மதிப்புக் குன்றவில்லை. முடிவு பெறாத ஆய்வை மக்கள் மன்றத்தில் உரைப்போர்க்கு அச்சொல் இன்னும் உரியதன்றோ? கேட்பவன் பாமரன் என்றெண்ணி ஐயங்களை மறைத்துத் தெளிவை மட்டும் தருவது, நம்பி ஒப்படைத்த அமானிதத்தில் குறை வைப்பதாகும்.

2022இல் தமிழக அரசு, அம்மலை புலிகளின் வழித்தடம் எனக் காட்டி, திட்டத்திற்கு இசைய இயலாதென உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. துகளின் இயல்பை எத்துணை அழகுற விளக்கினும் அது அவ்வினாவுக்கு விடையாகாது.