யாளி: சொல்லும் அது உணர்த்தும் பொருளும்

சைவ ஆலயம் ஒன்றுக்குச் செல்லும் அடியவர் இராசகோபுரத்தைத் தூலலிங்கமாகக் கண்டு கைகூப்புகின்றார். உள்ளே சென்று கொடிமரம், பலிபீடம், நந்தி என்பவற்றை வணங்கி மூலமூர்த்தியின் சந்நிதியை அடைகின்றார். இவை ஒவ்வொன்றினதும் தத்துவத்தைச் சமய பாடத்திலே படித்திருக்கின்றோம். ஆனால் மண்டபத் தூண்களிலும் சித்திரத் தேரின் மூலைகளிலும் வாயைப் பிளந்தபடி பாய்ந்து நிற்கும் ஒரு விலங்கை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சிங்கத்தின் முகம், யானையின் துதிக்கை, வெளியே நீண்ட தந்தம், பிதுங்கிய கண்கள். சிறுபிள்ளைகள் மட்டுமே “அது என்ன மிருகம், அப்பப்பா?” என்று கேட்கின்றார்கள். “அது யாளி” என்று சொல்லிவிட்டு நாம் நடந்து விடுகின்றோம்.

யாளி என்றால் என்ன? கருணையே வடிவான இறைவன் வீற்றிருக்கும் இடத்தில் இத்தனை கொடிய உருவத்துக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றால் அது எம்முடைய வாழ்க்கைக்கே உரிய ஒரு கேள்வியில் கொண்டுபோய் விடுகின்றது. எமக்குள்ளே சீறி எழும் கோபத்தை, வேகத்தை, வலிமையை நாம் கொன்றுவிட வேண்டுமா, அல்லது வேறெதுவும் செய்யலாமா என்பதே அது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பழந்தமிழில் இவ்விலங்குக்கு யாளி, ஆளி என்னும் இரு வடிவங்களும் உள்ளன. பத்துப்பாட்டிலேயே பெரும்பாணாற்றுப்படை யாளி என்றும் பொருநராற்றுப்படை ஆளி என்றும் கூறுகின்றன. சொல்லின் முதலில் நிற்கும் யகரம் மறைவது தமிழுக்குப் புதிதன்று. யாறு ஆறாயிற்று, யாடு ஆடாயிற்று, யாமை ஆமையாயிற்று, யாண்டு ஆண்டாயிற்று. யானையை நாம் வீட்டிலே ஆனை என்றுதான் சொல்கின்றோம். ஆனையிறவு என்னும் இடப்பெயரே அதற்குச் சாட்சி.

ஆளி என்றதும் ‘ஆள்’ என்னும் வினை நினைவுக்கு வருவது இயல்பு. முதலாளி, தொழிலாளி, அறிவாளி என்று எத்தனையோ சொற்கள் வழங்குகின்றன. மின்விளக்கை ஏற்றி அணைக்கும் சுவிட்சுக்கு எமது பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடநூல் இட்டிருக்கும் பெயரும் ஆளி என்பதே. எனவே மற்றைய விலங்குகளை ஆளுவதால் ஆளி எனப் பெயர் வந்தது என்று விளக்குவோர் உளர். கேட்பதற்கு இனிமையான விளக்கந்தான். ஆனால் யாறு, யாடு என்பவற்றின் வழியே பார்த்தால் யாளி என்பதே முந்திய வடிவமாதல் வேண்டும். ஆளுதல் என்னும் வினைக்கு யகர வடிவம் இல்லை. ஆகவே இரண்டும் ஒலியால் ஒன்றானவையே தவிர, பிறப்பால் ஒன்றல்ல எனக் கொள்வதே பொருத்தம். இவ்வாறே யாழ் என்னும் இசைக்கருவியின் பெயரையும் யாளியோடு சேர்த்துச் சொல்வதுண்டு. ளகரமும் ழகரமும் வேறு வேறு எழுத்துக்கள் என்பதை மறந்து அப்படி முடிவு கட்டிவிட முடியாது. சொற்பிறப்பு எவ்வாறாயினும், ஆளுதல் என்ற எண்ணம் இவ்விலங்கின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த எண்ணம் எமக்குப் பின்னர் உதவும்.

சங்கப் புலவர்கள் ஆளியைப் புலி, கரடி முதலியவற்றோடு சேர்த்து மலைக்காட்டு விலங்காகவே பாடினார்கள். இரவிலே மலைவழி வருவோருக்கு நேரக்கூடிய அபாயங்களைக் கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே அடுக்கும்போது ஆளியும் அங்கே இடம்பெறுகின்றது. பொருநராற்றுப்படையைப் பாடிய முடத்தாமக்கண்ணியார், இளவயதிலேயே பகைவரை வென்ற கரிகாலனுக்கு ஆளியின் குட்டியை உவமை ஆக்கினார். தாய்ப்பால் மறவாத பருவத்திலேயே தன் முதல் வேட்டையில் களிற்றை வீழ்த்திய குட்டி அது. இப்படியொரு விலங்கு உண்மையில் வாழ்ந்ததா என்றால், துதிக்கையும் சிங்கமுகமும் ஒன்றாகக் கொண்ட விலங்கின் எலும்பு எதனையும் விலங்கியலார் கண்டதில்லை. அகராதிகள் ஆளிக்குச் சிங்கம் என்றும் பொருள் தருகின்றன. எவ்வாறாயினும், பழந்தமிழருக்கு ஆளி அச்சம் தருவது மட்டுமன்று, மன்னனுக்கு உவமையாகும் பெருமையும் உடையது.

வடமொழியிலே இதற்கு இணையாக வழங்கும் சொல் வியாளம். சிற்பநூல்கள் இந்தக் கற்பனை விலங்கை இப்பெயராலேயே சுட்டுகின்றன. யாளி வியாளத்தின் திரிபு என்போரும் உளர், அதனை மறுப்போரும் உளர். எமக்கு வேண்டியது அந்தச் சொல்லின் பொருள். வியாளம் என்றால் கொடிய விலங்கு, மதங்கொண்டு கட்டுக்கு அடங்காத யானை, பாம்பு. பண்பாகச் சொல்லும்போது தீய குணமுடையது, வஞ்சகமானது என்றும் பொருள்படும். பாருங்கள், தமிழ்ப் புலவர் வீரத்துக்கு உவமையாக்கிய விலங்கின் இணைச்சொல் வடமொழியிலே கொடுமைக்குப் பெயராக நிற்கின்றது. இதிலே ஒன்று சரி, மற்றது பிழை என்று சொல்ல வேண்டியதில்லை. வலிமைக்கு இரண்டு முகமும் உண்டு. கிராமத்தைக் காப்பதும் வலிமைதான், கிராமத்தைக் குலைப்பதும் வலிமைதான்.

இந்த இருமுக விலங்கைச் சிற்பாசாரியர்கள் என்ன செய்தார்கள்? அதனை ஆலயத்துக்கு வெளியே துரத்தவில்லை. மூலஸ்தானத்தில் மூலமூர்த்தியாக வைக்கவும் இல்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள். மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை என்று அழைக்கப்படும் பல்லவர் காலக் குடைவரையின் வாயிலைச் சுற்றி யாளித் தலைகள் காவல் நிற்கின்றன. 1010ஆம் ஆண்டில் இராசராசன் நிறைவு செய்த தஞ்சைப் பெருங்கோயிலின் அதிட்டானத்திலே யாளிகள் வரிசையாக அமைந்துள்ளன. அத்தனை உயர விமானத்தின் அடியிலே அவை இருக்கின்றன. விசயநகர, நாயக்கர் காலங்களில் யாளி ஆளுயரத்துக்கும் மேலாக எழுந்து தூணாகவே மாறிற்று. திருமலை நாயக்கர் மதுரையில் கட்டிய புதுமண்டபத்தில் இதனைக் காணலாம். எமது நாட்டிலும் சிங்களச் சிற்பமரபு யானையும் சிங்கமும் கலந்த உருவத்தை ‘கஜசிங்க’ என்று அழைக்கின்றது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இவ்வுருவமும் பேசப்படுகின்றது.

பல ஆலயங்களில் யாளியின் வாய்க்குள்ளே ஓர் உருண்டைக் கல் இருக்கும். அதனை வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கவில்லை. அதே கல்லிலே, பற்களுக்கு உட்புறமாகச் செதுக்கி எடுத்திருப்பார்கள். விரலை விட்டு உருட்டலாம், ஆனால் வெளியே எடுக்க முடியாது. சிற்பியின் கைத்திறனைக் காட்ட அமைத்தது என்று சொல்வார்கள். எனக்கு அதிலே வேறொரு பொருளும் தோன்றுவதுண்டு. அதனைப் பின்னர் சொல்கின்றேன்.

கோபத்தை அடியோடு அழித்துவிட வேண்டும் என்று போதிப்பது எளிது. எமது சித்தாந்தம் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. கோபம், பொறாமை யாவற்றுக்கும் வேராகிய ஆணவமலம் செம்பிலே களிம்புபோல உயிரோடு அநாதியாகவே உள்ளது என்பர். முத்திநிலையிலும் அது இல்லாமற் போய்விடுவதில்லை, அதன் சத்தி மட்டுமே அடங்கி ஒடுங்குகின்றது என்பதே மெய்கண்டார் மரபு. நடராசப் பெருமானின் திருவடியின் கீழே முயலகன் இறந்து கிடக்கவில்லை, மிதிபட்டுக் கிடக்கின்றான். வியாளம் என்னும் சொல் குறிக்கும் பாம்பையே பெருமான் ஆபரணமாக அணிந்திருக்கின்றார். எமது ஊர்களில் ஒருவர் வாசிக்க மற்றவர் பயன் சொல்லும் கந்தபுராண படனத்திலே சூரபன்மனின் முடிவைக் கேட்டிருக்கின்றோம். மாமரமாக நின்றவனை வேல் பிளந்தது. இரு கூறும் சேவலும் மயிலுமாகிப் பகையோடு பாய்ந்து வந்தன. முருகப்பெருமானின் பார்வை பட்டதும் பகை நீங்கி ஒன்று கொடியாயிற்று, மற்றது வாகனமாயிற்று. அந்த வேகம் அழியவில்லை. அது சுமக்கத் தொடங்கியது. யாளி தூணாகி நிற்பதும் இந்த உண்மையைத்தான்.

இது வெறும் தத்துவமன்று. அரசாங்க சேவையில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் இரண்டு விதமான கோபக்காரரை நான் கண்டிருக்கின்றேன். ஒருவர், கந்தோருக்கு வரும் ஏழை எளியவர் மீது சீறுவார். மேலதிகாரி வந்தால் அவருடைய குரலே கேட்காது. மற்றவர் சிற்றூழியரைக்கூட அதட்டி அறியாதவர். ஆனால் ஒரு விதவைத் தாயின் ஓய்வூதியக் கோப்பு சிறு குறைக்காக மூன்றாவது முறையும் திரும்பி வந்தபோது, கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தலைமை அதிகாரியின் அறைக்குப் போனார். கையொப்பம் கிடைக்கும்வரை அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. இருவரிடமும் இருந்தது கோபமே. ஒருவருடைய கோபம் கீழே இருப்பவர் மீது விழுந்தது. மற்றவருடையது கீழே இருப்பவரைத் தாங்கியது.

1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் எமது மக்கள் இழந்தவை கொஞ்சமல்ல. அவர்களைப் பார்த்து, மனத்திலே கோபமே இருக்கக்கூடாது என்று உபதேசம் செய்வது கருணையாகாது. ஆனால் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த பின்னும் அயலட்டைப் பிள்ளைகள் மாலையில் படிப்பதற்குத் தன் விறாந்தையை விட்டுக்கொடுக்கும் தாய்மாரை எமது கிராமங்களில் காண்கின்றோம். அவர்களுடைய நெஞ்சில் தீ அணைந்துவிட்டது என்று யார் சொன்னது? அந்தத் தீயின் மேலே அவர்கள் ஒரு கூரையைத் தாங்கி நிற்கின்றார்கள்.

மறுபுறத்தில், ஆலயங்களிலேயே நடப்பதையும் சொல்லத்தான் வேண்டும். எந்தத் திருவிழா யாருடைய உபயம், காளாஞ்சி முதலில் யாருக்கு, வடத்தை யார் முதலில் தொடுவது என்று தொடங்கும் பேச்சு நீதிமன்றம் வரை போகின்றது. வழக்கினால் பூசையின்றிப் பூட்டிக் கிடந்த ஆலயங்களை எமது பிரதேசம் கண்டிருக்கின்றது. உடன்பிறந்தோர் ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் போகாமல் ஆண்டுக்கணக்காக இருக்கின்றார்கள். கேட்டால் ஒவ்வொருவரும் “நான் நியாயத்துக்காகத்தான் கோபப்படுகின்றேன்” என்பார்கள். எல்லாக் கோபமும் தன்னை நியாயம் என்றே சொல்லிக்கொள்ளும். அதுதான் வியாளத்தின் வஞ்சகம்.

அப்படியானால் எமது கோபம் எந்த வகை என்பதை எப்படி அறிவது? யாளியே மூன்று அடையாளங்களைக் காட்டுகின்றது. முதலாவது, அது எதனைச் சுமக்கின்றது என்று பார்க்க வேண்டும். என் கோபத்தினால் வேறொருவருடைய பாரம் குறைகின்றதா, அல்லது என் பெயர் மட்டும் உயர்கின்றதா? இரண்டாவது, அது எங்கே நிற்கின்றது என்று பார்க்க வேண்டும். தூணிலே நிற்கும் வரை அது சேவை செய்யும். கோபத்தை நெஞ்சின் மூலஸ்தானத்தில் வைத்து நாள்தோறும் பூசிப்போமானால் இறைவனுக்கு அங்கே இடமில்லை. மூன்றாவது, அந்த உருண்டைக் கல். வாய் பிளந்திருக்கின்றது, கல் உள்ளே உருளுகின்றது, ஆனாலும் வெளியே விழுவதில்லை. சொல்ல வந்த கடுஞ்சொல்லை நாவிலே உருட்டி, பற்களுக்குள்ளே நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவனிடமே வலிமையை நம்பி ஒப்படைக்கலாம். ஒருமுறை வெளியே விழுந்த சொல்லைத் திரும்ப வாய்க்குள் வைக்க எந்தச் சிற்பியாலும் இயலாது.

ஆளி என்ற சொல் ஆளுதலிலிருந்து பிறக்கவில்லை என்று மேலே கண்டோம். பிறப்பிலே இல்லாத அந்தப் பொருளை வாழ்க்கையிலே நாம் கொடுக்கலாம். தன்னுள்ளே இருக்கும் யாளியை ஆளுபவனே ஆளி. ஆளத் தெரியாதவனை அந்த விலங்கே ஆளும்.

ஆகவே அடியார் பெருமக்களே, அடுத்தமுறை ஒரு பிள்ளை தூணைக் காட்டி “அது என்ன?” என்று கேட்டால், பெயரை மட்டும் சொல்லிவிட்டு நடந்து போகாதீர்கள். “அது எங்களுக்குள்ளே இருப்பது மோனை. இங்கே சுவாமிக்கு மண்டபம் தாங்குகின்றது” என்று சொல்லுங்கள். கேட்கும் பிள்ளைக்கும் சொல்லும் எமக்கும் அது ஒருசேரப் பயன்படும். எமது வலிமைகள் யாவும் இவ்வாலயத்தையும் இவ்வூரையும் தாங்கும் தூண்களாக அமைய எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.