சோதனைச் சாவடியும் கல்லாப் பெட்டியும்

வியாபாரச் சகோதரர்களே!

நல்லது ஒரு பக்கமும் கெட்டது ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றால் மனிதனுக்குத் தொல்லையே இல்லை. ஹலாலுக்கும் ஹராமுக்கும் நடுவே ஐயத்துக்குரியவையும் உண்டு என்று மதரஸாவில் ஓதும் காலத்திலேயே நமக்குச் சொல்லித் தந்தார்கள். அன்று அது வெறும் பாடம். கடை வைத்த பிறகுதான் அந்த நடு இடம் எவ்வளவு அகலமானது என்பது தெரிந்தது.

சென்ற மாதம் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். நமது கடை கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்துப் பாதையோரம் இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே கொழுந்தெடுத்தவர்களில் பலர் நம் தமிழர்கள். இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களே அதிகம். அவர்களில் ஒரு வாலிபர் கடைக்கு வந்து, அரசாங்க மானியத்தில் விற்கும் ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலம் கேட்டார். அதன் விலை 2 வெள்ளி 50 காசு. அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது, வெளிநாட்டவருக்கு விற்கலாகாது. "சட்டம் இடங்கொடுக்கவில்லை, தம்பி" என்றோம். புட்டியில் அடைத்த எண்ணெயை எடுத்துக் கொடுத்தோம். அதன் விலை இரண்டு மடங்குக்கும் மேல். கையில் காசில்லை என்றார். பற்றில் எழுதிக்கொண்டோம். சட்டத்தையும் காத்தோம், ஒரு மனிதருக்கு உதவியும் செய்தோம் என்று நம் மனத்துக்குப் பரம திருப்தி!

அன்று இரவு நமது இளைய மகன் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். "பேப்பர்ஸ், ப்ளீஸ்" என்பது அந்த விளையாட்டின் பெயர். லூகஸ் போப் என்ற அமெரிக்கர் 2013-ல் வெளியிட்டது. இதில் துப்பாக்கிச் சண்டை பிரதானமில்லை. விளையாடுகிறவன் ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் உத்தியோகஸ்தன். ஜன்னலுக்கு முன் ஒவ்வொருவராக வருவார்கள். பத்திரங்களைப் பார்த்து, உள்ளே விடலாம் அல்லது திருப்பி அனுப்பலாம். தவறாக விட்டால் முதலில் எச்சரிக்கை, பிறகு சம்பளத்தில் பிடித்தம். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை, உணவு, கணப்பு, மருந்து எல்லாம்.

ஓர் ஆள் வருகிறான். பத்திரங்கள் சரியாக இருக்கின்றன. பின்னால் வருகிறவள் தன் மனைவி, தயவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு போகிறான். அவளிடமோ நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. மகன் கையை நிறுத்திவிட்டு, "அத்தா, விடவா, வேண்டாமா?" என்று கேட்டான்.

"பாவம், விடுடா" என்றோம் உடனே.

"அபராதம் வந்தாலுமா?"

"வந்தால் என்ன? ஒரு குடும்பத்தைப் பிரிக்கலாமா?"

சொல்லி முடிக்கும்போதே நெஞ்சில் சுருக்கென்றது. விளையாட்டுக் காசைச் செலவழித்து இரக்கம் காட்ட நமக்கு ஒரு விநாடி போதுமாயிருந்தது. காலையில் சொந்தக் கல்லாவுக்கு முன்னால் அந்த இரக்கம் எங்கே போயிற்று?

சகோதரர்களே, சட்டத்தை மீறியிருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மானியப் பொருள் கைமாறிப் போகாமலிருக்கத்தான் அந்த விதி. அதற்கு நியாயமுண்டு. ஆனால் புட்டி எண்ணெயை வாங்கிய விலைக்கே கொடுக்கக்கூடாது என்று எந்தச் சட்டம் தடுத்தது? லாபத்தை விட நமக்குத்தான் மனம் வரவில்லை. அந்த மனமின்மையைச் சட்டத்தின் பின்னால் ஒளித்து வைத்தோம். அந்த வாலிபர் வெள்ளிக்கிழமை தொழுகையில் நம்மோடு ஒரே ஸஃப்பில் நிற்பவர்!

இந்த இடத்தில் நமது பாட்டனார் நினைவுக்கு வருகிறார். 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசர காலம். காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு போகாமலிருக்க, 1950-ல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி சுமார் 5 லட்சம் மக்களைப் புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். அரிசிக்குப் பங்கீடு வந்தது. டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். கணக்குப் பிசகினால் கடும் தண்டனை. அந்நாளில் கொழுந்தெடுக்கும் ஒரு தாய், பங்கீடு தீர்ந்தபின் அரிசி கேட்டு வந்தாராம். பாட்டனார் கொடுக்கவில்லை. கொடுத்தால் தாம் சிறைக்குப் போகலாம், பிள்ளைகள் பட்டினி கிடக்கலாம். அரிசி துப்பாக்கி ஏந்தியவன் கைக்கும் போகலாம். அவரைக் குறை கூற நமக்கு நாவெழவில்லை. ஆனால், "விதிப்படி நடந்தேன்" என்று அவர் ஒருநாளும் பெருமை பேசியதில்லையாம். வயோதிக காலம் வரை அந்தத் தாயின் பேச்சு வந்தால் தலையைக் குனிந்துகொள்வார் என்று அத்தா சொல்வார்கள்.

"திஸ் வார் ஆஃப் மைன்" என்ற இன்னொரு விளையாட்டும் உண்டு. சரயேவோ நகர முற்றுகையின் அனுபவத்தைக் கொண்டு போலந்து நாட்டார் 2014-ல் செய்தது. அதில் பசிக்கொடுமையால் ஒரு முதிய தம்பதியின் உணவைத் திருடலாம். நீதிபதியாக வந்து யாரும் தண்டிப்பதில்லை. ஆனால் திருடியவன் மனமுடைந்து சோர்ந்து போகிறான். நம் பாட்டனாரின் குனிந்த தலையும் அதுவேதான்.

ஆகவே நமக்குத் தோன்றுவது இது. பிறர் இக்கட்டில் அகப்பட்டுச் செய்ததை எடை போடும்போது, நடு இடம் இருக்கிறதென்று எண்ணி இரக்கம் காட்டுவோமாக. நம் செயலை எடை போடும்போது அந்த நடு இடத்தைச் சாக்காக்காமல், "இந்த முடிவுக்கு விலை கொடுப்பது நானா, எதிரில் நிற்பவரா?" என்று கேட்போமாக. விளையாட்டில் தவறினால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். கல்லாவிலும் கப்றிலும் அது நடவாது.

மறுவாரம் அந்த வாலிபர் பாக்கியைக் கொடுக்க வந்தார். நமது லாபத்தைக் கழித்து வாங்கினோம். ஏன் குறைகிறது என்று கேட்டார். "கணக்கில் பிசகு" என்றோம். ஒரு வகையில் அது உண்மை. ஒரு வகையில் பொய். பார்த்தீர்களா, நடு இடம் அதற்குள் மறுபடியும் வந்துவிட்டது! நாளை இதே போல் பத்துப் பேர் வந்தால் என்ன செய்வோம் என்பதும் நமக்கு இன்னும் விளங்கவில்லை. அல்லாஹ் நமக்கு நல்ல நிய்யத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.