காவலும் கருவியும்

படையிலிருந்து ஓய்வு பெற்ற நம் அன்பர் ஒருவருக்குச் செல்வர் ஒருவரின் மெய்க்காவலராகப் பணிபுரிய அழைப்பு வந்தது. துப்பாக்கி ஏந்தியே பணியாற்றுதல் வேண்டும் என்பது நிபந்தனை. அணுவிரதம் பூண்ட இல்லறத்தானுக்கு இது தகுமா என்று அவர் நம்மிடம் வினவினார். காவலரை அமர்த்துவோருக்கும் உரிய வினா இது. ஆதலின் இங்கு ஆராய்வோம்.

இல்லறத்தார்க்கு நேரும் ஹிம்சையை நம் சமயச் சான்றோர் நான்காக வகுப்பர். அடுப்பெரித்தல் முதலிய இல்லக் கடமைகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்யோக ஹிம்சை. தாக்க வருவோரை எதிர்க்குங்கால் நேர்வது விரோத ஹிம்சை. கொல்லும் எண்ணத்துடன் செய்வது சங்கல்ப ஹிம்சை. இறுதியில் நின்றதை இல்லறத்தார் அறவே துறத்தல் வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைத்தல் வேண்டும். எனவே பிறர் உயிரைக் காக்கும் தொழில் நமக்கு விலக்கன்று. சிரவணபெளகொளாவில் 10-ஆம் நூற்றாண்டில் பாகுபலியின் திருவுருவை நிறுவிய சாமுண்டராயர் கங்க மன்னரின் படைத்தலைவரே. நம் நாட்டுச் சட்டமும் தன் உடலையேயன்றிப் பிறர் உடலையும் காக்கும் உரிமையை அளிக்கின்றது. எனினும் தேவைக்கு மிஞ்சிய தீங்கை அது ஏற்பதில்லை.

அங்ஙனமாயின் துப்பாக்கிக்கு மட்டும் தயக்கம் ஏன்? கவனமின்மையும் கஷாயமும் கலந்த செயலிலேயே ஹிம்சையின் வேர் உள்ளது என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. அச்சமோ ஒன்பது நோகஷாயங்களுள் ஒன்று. கூட்டத்தில் எவரையும் ஐயுறுதல் மெய்க்காவலரின் கடமை. ஓங்கிய கோலை இடையில் நிறுத்தலாம். புறப்பட்ட குண்டை மீட்க இயலாது. அது குறி தவறின் வழிப்போக்கன் மாள்வான். 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாத் நகரின் நிசூர் சதுக்கத்தில், அமெரிக்கத் தூதரகத்தாரைக் காக்க அமர்த்தப்பட்ட பிளாக்வாட்டர் என்னும் தனியார் நிறுவனத்துக் காவலர் சுட்டதில் பொதுமக்கள் 17 பேர் மாண்டனர். தாங்கள் தாக்கப்பட்டதாகக் காவலர் கூறினர். 2014-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நால்வர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2020-இல் அந்நாட்டு அதிபர் அவர்களை மன்னித்தார். மன்னிப்பு சிறையை நீக்கும்; வினையை நீக்குமோ?

கருவி எப்போதும் காவலுக்கே பயன்படும் என்ற உறுதியும் இல்லை. 1984-இல் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் தம் மெய்க்காவலர் இருவரின் குண்டுகளுக்கே இரையானார்.

எதிரி துப்பாக்கியுடன் வரின் வெறுங்கையன் என்செய்வான் என்பர். இவ்வினாவை எளிதில் ஒதுக்கலாகாது. உண்மையாகவே உயிர்க்கு அச்சுறுத்தல் உள்ளோர் இருக்கின்றனர். அவர்க்குக் காவல் அளித்தல் அரசின் கடன். அக்காவலர் சட்டத்திற்கும் தம் துறைக்கும் விடை கூற வேண்டியவர். தனியார் காவலரோ ஊதியம் அளிப்பவரின் விருப்பத்தையே பெரிதும் நோக்குவர். இங்கிலாந்தில் தனியார் மெய்க்காவலர் துப்பாக்கி ஏந்துவதில்லை. ஆயினும் அத்தொழில் அங்கு நடைபெறுகின்றது. செல்லும் வழியை முன்னரே ஆய்தல், இடர் நேரின் காக்கப்படுவோரைத் தம் உடலால் மறைத்து அவ்விடத்தினின்று அகற்றுதல் என்பனவே அத்தொழிலின் முதற்பாடம். போரிடுதல் அதன் பின்னரே.

அமர்த்துவோர் பொறுப்பும் சிறிதன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவழியிலும் வினை சேரும் என்பதை நாம் அறிவோம். கொலைக்கருவிகளைப் பிறர்க்கு அளித்தலை ஹிம்சாதானம் எனப் பெயரிட்டு, பயனிலாத் தீச்செயலாகிய அனர்த்த தண்டத்துள் சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டகத்தில் வைத்துள்ளார். அச்சுறுத்தல் ஏதுமின்றித் திருமண வாயிலிலும் கார்க் கதவருகிலும் பெருமைக்காகத் துப்பாக்கியாளரை நிறுத்துவோர் இதனை எண்ணுதல் வேண்டும். சுடுவது காவலரின் விரலாயினும் சுடுவித்த வினை தம்மையும் பற்றும்.

ஆகவே, காவற்பணியை ஏற்கலாம், துப்பாக்கி நிபந்தனையை நீக்கக் கேளுங்கள், அது நீங்காதாயின் வேறு பணி தேடுங்கள் என்றே அன்பருக்குக் கூறினோம். துப்பாக்கியின்றி ஊதியம் குறையும் என்றார். அது உண்மையே. குடும்பம் உள்ளவர்க்கு அவ்விழப்பு எளிதன்று. காவலரை அமர்த்தும் நிலையில் உள்ள நம்மவர், விரதம் காப்பவர்மேல் அவ்விழப்பைச் சுமத்தாது, நிறைந்த ஊதியத்துடன் கருவியில்லாக் காவலை ஏற்றல் வேண்டும். சாமுண்டராயர் வாளேந்தியவர்தாம், அவர் நிறுவிய திருவுருவோ, இரு படைகளும் மாளாதிருக்கும் பொருட்டுத் தமையனுடன் கண்ணாலும் நீராலும் மல்லாலும் மட்டுமே பொருதவருடையது.