மூன்று துறைகள், ஒரே ‘.பிடிபி’

புரத ஆய்வகத்திலிருந்து வரும் கோப்பின் பெயர் ‘.பிடிபி’ என்று முடிந்தால், உள்ளே இருப்பது ஒரு மூலக்கூறின் வடிவம். 1971-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் புரதத் தரவு வங்கியைத் தொடங்கியபோது தரவெல்லாம் துளை அட்டைகளில் ஏறியது. அட்டைக்கு 80 கட்டங்கள். கோப்பின் வரிக்கும் அந்த அகலமே நிலைத்துவிட்டது. ஓர் அணுவுக்கு ஒரு வரி. 31 முதல் 38 வரையிலான கட்டங்களில் எக்ஸ் அச்சின் அளவு, அடுத்த எட்டில் ஒய், அதற்கடுத்த எட்டில் இசட். எல்லாம் ஆங்ஸ்ட்ராம் கணக்கில். எண் ஒரு கட்டம் தள்ளிப்போனாலும் அணு வேறெங்கோ போய் நிற்கும்.

விண்டோஸ் நிரலாளருக்கு இந்தக் கவலையே இல்லை. விஷுவல் சி++ நிரலைத் தொகுக்கும்போது கூடவே பிறக்கும் ‘.பிடிபி’, எந்த இயந்திரக் கட்டளை மூலநிரலின் எந்த வரியிலிருந்து வந்தது என்று சொல்லும் பிழைதிருத்தக் குறிப்பேடு. 1996-இல் வந்த பாம் பைலட் கையடக்கக் கருவிக்கோ அது முகவரி, நாட்குறிப்பு, மின்னூல் என எதையும் சுமக்கும் பதிவுத் தொகுப்பு.

டாஸ் காலத்தில் பின்னொட்டுக்கு மூன்றெழுத்துதான் இடம். ஆங்கில எழுத்துகளை மட்டும் கொண்டே 17,576 சேர்க்கைகள் கிடைக்கும். ஆனால் பொருளுள்ள சுருக்கத்தைத்தானே எல்லாரும் தேடுவார்கள்? டேட்டா பேங்க், டேட்டாபேஸ் இரண்டுக்கும் சுருக்கம் ஒன்றே. முன்னால் புரோட்டீனோ புரோகிராமோ பாமோ, எதைப் போட்டாலும் அதே ‘பி’.

விண்டோஸ் பின்னொட்டை நம்பி நிரலைத் தேர்கிறது. யூனிக்ஸின் ‘ஃபைல்’ கட்டளை கோப்பின் உள்ளே எட்டிப்பார்க்கிறது. என் ஓட்டு அதற்குத்தான். உரைத்திருத்தியில் திறந்தால் நமக்கும் அது முடியும். புரதக் கோப்பு கண்ணால் படிக்கக்கூடிய எழுத்து. மைக்ரோசாஃப்டின் கோப்பு தன் நிறுவனப் பெயரோடு தொடங்கும். பாம் கோப்பின் முதல் 32 பைட்டுகளில் தொகுப்பின் பெயர் இருக்கும். மொபிபாக்கெட் மின்னூலானால், சற்றுத் தள்ளி ‘புக்மொபி’ என்ற எட்டெழுத்து முத்திரை.

புரதக்காரர்களுக்கு அந்த 80 கட்டங்களே பின்னாளில் இறுக்கமாயின. அணுவின் வரிசை எண்ணுக்கு ஐந்தே இடம் என்பதால் 99,999-ஐத் தாண்ட முடியாது. ரைபோசோம் போன்றவற்றைப் பல கோப்புகளாக வெட்டிவைத்தார்கள். 2014-இல் தரவு வங்கி ‘.சிஐஎஃப்’ என்று முடியும் வடிவத்துக்கு மாறியது. சிப் வடிவமைப்பவரிடம் அதே பின்னொட்டைக் காட்டினால், கால்டெக்கில் பிறந்த, சிலிக்கான் அடுக்கில் எந்தச் செவ்வகம் எங்கே என்று குறிக்கும் கோப்பு என்பார்.