ஈடாக வைக்காத மானம்

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். சமயங்களும் இதை வலியுறுத்துகின்றன. கடன் கொடுத்தவருக்குத் தொகையோடு கடனாளியின் மானத்தின் மீதும் உரிமை வந்துவிடுகிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளிப்பூ விலை சரியும் வாரத்தில் கடன் தவணை தவறுவது எளிது. விடியுமுன் தோட்டத்தில் மொக்குப் பறித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கத் தொடங்குகிறது. எடுக்காவிட்டால் அடுத்த போன் சம்பந்தி வீட்டுக்குப் போகிறது. சம்பந்தி எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டவரல்ல. ஆனால் கடனாளி தேடிச் சேர்த்த மரியாதை அவர் வீட்டில்தான் இருக்கிறது. அதைக் கெடுத்துவிடுவேன் என்று மிரட்டினால் பணம் தானாக வரும் என்பதே வசூலிப்பவரின் கணக்கு.

உரிமை உள்ளவர் அதை எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்குப் பெரியபுராணத்தில் ஒரு வழக்கே இருக்கிறது. நாயன்மார்களில் ஒருவரான நம்பியாரூரரின் திருமணப் பந்தலுக்கு முதியவராக வந்த சிவபெருமான், நம்பியாரூரரின் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலைப்படி அவர் தமக்கு அடிமை என்கிறார். நம்பியாரூரர் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. கிழிந்தது படியோலை என்று சொல்லி மூல ஓலையைக் காட்டுகிறார் முதியவர். பாட்டனின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சபை தீர்ப்புச் சொல்கிறது. ஊர் கூடிய பந்தலில் கல்யாணத்தை நிறுத்தியது மட்டும் அவமானம் இல்லையா என்று கேட்கலாம். ஆனால் முதியவர் நேரில் வந்தார், கட்டுப்பட்டவரிடமே கேட்டார், மறுத்தபோது நிரூபிக்கும் பொறுப்பைத் தம் மேல் ஏற்றுக்கொண்டார். விவிலியத்தின் உபாகமமும் ஈடு வாங்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்கச் சொல்கிறது. நெருக்கடியில் இருப்பவருக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்கிறது குர்ஆன். சட்டமும் இன்று இதே எல்லைக்குத்தான் வந்திருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்கு போன் செய்யக்கூடாது, குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடக்கூடாது என்று 2022 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்கத் தமிழகச் சட்டமன்றம் 2025-ல் தனிச் சட்டமே இயற்றியது.

கடுமை காட்டாவிட்டால் யார் கட்டுவார்கள், கொடுத்த பணமும் யாரோ ஒருவரின் சேமிப்புதானே என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவமானம் யாரைச் சுடுகிறது? ஏமாற்ற நினைத்தே வாங்கியவர் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சுவதில்லை. சொன்ன சொல் தவறிவிட்டதே என்று குமைபவர்தான் நொறுங்கிப்போகிறார். அன்றைய போனை நிறுத்த, கந்துவட்டிக்கு வாங்கித் தவணையைக் கட்டுகிறார். வசூலிப்பவரின் வேலை முடிகிறது. கடனாளியின் கடன் பெருகுகிறது. நேர்மையானவரை மட்டும் தண்டிக்கும் கருவியை அறம் என்று எப்படி ஏற்பது?

இதனால் கடனாளியின் கடமை குறைந்துவிடாது. சிம் கார்டை மாற்றிவிட்டு ஒளிவது கொடுத்த வாக்கை இரண்டாம் முறை மீறுவது. போனை எடுத்து, இப்போது இவ்வளவுதான் முடியும், மீதியை இந்தத் தேதியில் தருகிறேன் என்று உண்மையைச் சொல்லி, அதையே எழுத்திலும் அனுப்ப வேண்டும். அதன் பிறகும் வசை தொடர்ந்தால், பேச்சைப் பதிவு செய்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடமும், அங்கே தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடமும் புகார் கொடுப்பதில் நன்றிகேடு எதுவும் இல்லை. பணத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், வசவைக் கேட்டுக்கொண்டிருக்கக் கடமைப்பட்டவர் அல்லர்.