நட்ட மரம் யாருடையது?

வாசலைப் பெருக்கி, நீர் தெளித்துக் கோலமிடும் கையே, பெருக்கிய குப்பையை எதிர்ப்புறத்து வெற்றிடத்தில் கொட்டவும் செய்கிறது. இதில் முரண்பாடு ஏதும் இருப்பதாக அக்கைக்கு உரியவர் எண்ணுவதில்லை. வாசல் அவருடையது, வெற்றிடம் யாருடையதும் அன்று. தூய்மையின்மீதும் அழகின்மீதும் மனிதனுக்குள்ள பற்று, 'எனது' என்னும் எண்ணம் முடியும் இடத்தில் தானும் முடிந்துவிடுகிறது. இந்த எண்ணத்தை வேதாந்தம் மமகாரம் என்று குறிப்பிடும். இந்திய நகரங்களின் தெருக்கள் அழகிழந்து கிடப்பதற்குப் பணக்குறையும் நிர்வாகக் குறையும் காரணங்களாக இருக்கலாம். அவற்றினும் ஆழமான காரணம் மமகாரம் போட்டுவைத்திருக்கும் எல்லைக்கோடே.

அந்தக் கோட்டைக் கடந்து வெளியே வருபவர்களே தன்னார்வத் தொண்டர்கள். ஊதியமோ, பிறர் ஆணையோ இல்லாமல் விடுமுறை நாளின் விடியற்காலையில் மண்வெட்டியுடன் ஒன்றுகூடி, குப்பைமேட்டை அகற்றி, குழி தோண்டி, மரக்கன்று நடுகிறார்கள். இது போற்றத்தக்க செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் கன்று வேரூன்றிய பிறகு நுட்பமான கேள்வி ஒன்று எழுகிறது. நட்ட மரம் யாருடையது? 'என்னுடையது' என்று தொண்டர் கருதினால், வீட்டு வாசலில் இருந்த மமகாரம் தெருமுனைவரை நீண்டிருக்கிறது, அவ்வளவே. 'யாருடையதும் அன்று' என்று விட்டுவிட்டாலோ, முதல் கோடையிலேயே கன்று கருகிவிடும்.

பூர்த்தம் என்னும் அறம்

இக்கேள்வி புதியதன்று. தரும சாத்திரங்கள் அறச்செயல்களை இஷ்டம், பூர்த்தம் என இரண்டாகப் பகுத்தன. வேள்வி முதலியவை இஷ்டம். கிணறும் குளமும் வெட்டுதல், கோயில் எழுப்புதல், அன்னமிடுதல், சோலை அமைத்தல் முதலியவை பூர்த்தம். வேதவேள்விக்குத் தகுதி பெற்றவர் சிலரே எனக் கருதிய காலத்திலும், பூர்த்தம் மகளிர் உள்ளிட்ட அனைவருக்கும் திறந்திருந்தது. பொதுநன்மை செய்வதற்குப் பிறப்பு ஒரு தடையாகக் கருதப்படவில்லை.

பூர்த்தத்தில் கருதத்தக்க அங்கம் ஒன்று உண்டு. அதன் பெயர் உத்சர்க்கம். 'விட்டுவிடுதல்' என்பது அதன் பொருள். குளத்தை வெட்டி முடித்தவர் சடங்கு ஒன்றைச் செய்து, அந்நீர் எல்லா உயிர்களுக்கும் உரியது என்று அறிவித்து, தம் உடைமையைத் துறக்கிறார். அதன்பின் அவரும் அந்த நீரைப் பருகலாம். ஆனால் உடைமையாளராக அன்று, தாகமுற்று வரும் பலருள் ஒருவராக. வெட்டியதனால் மட்டும் அறம் நிறைவு பெறுவதில்லை. விட்டதனாலேயே நிறைவு பெறுகிறது என்பது இதன் உட்கருத்து.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் தூண் சாசனத்தில், சாலையோரங்களில் ஆலமரங்களை நடுவித்ததைக் குறிப்பிடுகிறார். மனிதருக்கும் விலங்குகளுக்கும் நிழல் தருவதற்கு என்று காரணமும் கூறுகிறார். பேரரசர் ஒருவர் தம் கொடையைப் பெறுவோரை எண்ணும்போது, வரி செலுத்தும் குடிமக்களோடு, நன்றி சொல்ல வாயில்லாத மாட்டையும் கழுதையையும் சேர்த்து எண்ணினார் என்பது கவனிக்கத்தக்கது.

ஓர் ஏழைப் பெண்மணியின் உத்சர்க்கம்

இந்த அறத்தின் விளக்கத்தை நம் காலத்தில் காண விரும்புவோர் கர்நாடகத்தின் மாகடி வட்டத்திலுள்ள ஹுலிகல் கிராமத்தைப் பார்க்கலாம். கல்லுடைக்கும் கூலித் தொழிலாளியாக வாழ்ந்த திம்மக்கா, கணவர் சிக்கையாவுடன் சேர்ந்து, ஹுலிகலிலிருந்து கூதூர் செல்லும் சாலையில் ஆலங்கன்றுகளை நடத் தொடங்கினார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. மரங்களையே மக்களாகக் கருதினர். குடங்களில் நீர் சுமந்து சென்று ஊற்றினர். ஆடுமாடுகள் மேய்ந்துவிடாமல் முள்வேலி கட்டினர். இவ்வாறு வளர்ந்த ஆலமரங்கள் 385. கன்னடத்தில் 'சாலுமரத' என்றால் 'மரவரிசையின்' என்று பொருள். அதுவே அவருடைய பெயரின் முன்னொட்டாயிற்று. 2019ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2025இல் அவர் மறைந்தார்.

அந்த மரங்கள் நின்ற நிலம் அவருடையதன்று. பிற்காலத்தில் அவற்றைப் பேணும் பொறுப்பையும் மாநில அரசு ஏற்றுக்கொண்டது. அவற்றால் அவருக்கு வருவாயும் இல்லை. ஆயினும் 2019இல் சாலை விரிவாக்கத் திட்டத்தால் மரங்களுக்கு ஆபத்து நேர்ந்தபோது, அவர் வாளாவிருக்கவில்லை, முதலமைச்சரிடம் முறையிட்டார். அரசும் மாற்றுவழி காண முன்வந்தது. உடைமையைத் துறந்தவர் அக்கறையையும் துறந்துவிடுவார் என்று எண்ணுவோருக்கு இதுவே மறுமொழி. பற்றின்மை வேறு, புறக்கணிப்பு வேறு. முன்னது 'எனக்கு' என்பதை மட்டும் விடுகிறது. பின்னது பொறுப்பையே விட்டுவிடுகிறது.

பெயர் என்னும் கடைசி வேலி

பொருளின்மீதுள்ள உரிமையை விடுவது ஒப்பீட்டளவில் எளிது. பெயரின்மீதுள்ள உரிமையை விடுவது அரிது. நட்ட கன்று ஒரு சாண் உயரம். அதனருகே நாட்டிய பெயர்ப்பலகை நான்கு அடி உயரம் என்னும் காட்சி எந்த நகரத்திலும் காணக்கூடியதே. கன்று பட்டுப்போன பின்னும் பலகை நிற்கும்.

2010ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கிய 'தி அக்லி இந்தியன்' என்னும் தொண்டர் குழு இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தது. அழகற்ற தெருக்களுக்குக் காரணமானவர் வேறு யாரோ அல்லர், நாமே என்று ஒப்புக்கொள்ளும் பெயர் அது. அக்குழுவினர் தங்கள் பெயரையும் முகத்தையும் வெளிப்படுத்துவதில்லை. 'காம் சாலு, மூ பந்த்' என்பது அவர்களது கொள்கை; 'வேலை நடக்கட்டும், வாய் மூடியிருக்கட்டும்' என்பது அதன் பொருள். குப்பை குவியும் தெருமுனை ஒன்றைத் தேர்ந்து, துப்புரவு செய்து, சுவருக்கு வண்ணம் பூசி, செடித்தொட்டிகளை வைத்துவிட்டுச் செல்வார்கள். செய்தவர் யார் என்று தெரியாதபோது, புகழவும் ஆளில்லை, பழிக்கவும் ஆளில்லை. தூய்மையான தெருமுனை மட்டுமே எஞ்சுகிறது. கீதை கூறும் பலத்தியாகம் என்பது தெருவில் எவ்வாறு இருக்கும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஓர் ஆட்சேபம்

'பசித்தவர் பலர் உள்ள நாட்டில் பூச்செடி நடுவது ஆடம்பரமன்றோ? அந்த உழைப்பையும் பணத்தையும் அன்னமிடச் செலவிடலாகாதா?' என்று ஒருவர் வினவக்கூடும். இந்த ஆட்சேபத்தை எளிதில் தள்ளிவிட இயலாது.

இதற்கு விடை காண, தெருமரத்தின் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். செருப்புத் தைப்பவர், இளநீர் விற்பவர், துணி தேய்ப்பவர், சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோ ஓட்டுநர், பேருந்துக்கு நிற்கும் முதியவர் ஆகியோரே அங்கு இருப்பவர்கள். தோட்டமுள்ள வீட்டில் வாழ்பவருக்குத் தெருமரம் ஓர் அழகு. தெருவிலே பிழைப்பவருக்கோ அது கூரை. அழகையும் வறியவருக்குத் தேவையற்றது என்று ஒதுக்கிவிட இயலாது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெங்களூரில் பணியாற்றிய ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் கிரும்பிகல், ஒருவகை மரம் பூத்து ஓயும்போது மற்றொரு வகை பூக்கும்படி சாலைமரங்களைத் தேர்ந்து நடச் செய்தார். அந்தப் பூக்களைக் காண நுழைவுக் கட்டணம் இல்லை. செல்வர் காரிலிருந்து காண்பதையே கூலியாளும் நடந்தவாறு காண்கிறார்.

ஆயினும் இந்த விடை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. அழகுபடுத்துவதன் பெயரால் அந்தச் செருப்புத் தைப்பவரை அப்புறப்படுத்தி, அவர் அமர்ந்த இடத்தில் கம்பி வேலியிட்டுப் புல்தரை அமைத்தால், ஆட்சேபம் முழு வலிமையுடன் திரும்பி வந்துவிடும். நிழல் மிகவும் தேவைப்படும் நண்பகலில் கதவு பூட்டப்படும் பூங்காக்கள் உண்டு. அங்கே செடிகள் இருக்கின்றன, உத்சர்க்கம் இல்லை. யாரை உள்ளே விடுகிறது என்பதைக் கொண்டே ஒரு சோலை பூர்த்தமா அல்லவா என்று துணியலாம்.

பேணுதலே தவம்

நடுவது ஒரு நாள் வேலை. பேணுவதோ ஆண்டுகள் நீளும் வேலை. நகரத்து மண்ணில் கன்று தானே நிலைக்க இரண்டு மூன்று கோடைகளேனும் நீரூற்ற வேண்டும். விழாநாளில் கூடிய நூறு பேரில், சித்திரை வெயிலில் வாளியுடன் வருபவர் இருவரோ மூவரோதான். அவர்களைப் படமெடுக்க யாரும் வருவதில்லை. நிஷ்காம கர்மம் சோதிக்கப்படுவது அந்த வெயிலில்தான்.

பேணுதலில் அறிவும் வேண்டும். விரைவில் வளரும், ஆண்டு முழுதும் பசுமையாக நிற்கும் என்பதற்காகக் கோனோகார்ப்பஸ் என்னும் அயல்நாட்டு மரத்தைப் பல நகரங்கள் சாலைகளின் நடுவே நட்டன. அதன் வேர்கள் நிலத்தடிக் குழாய்களுக்குக் கேடு செய்கின்றன, மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்டுகிறது என்னும் முறையீடுகள் எழுந்தன. 2023இல் குஜராத் அரசு அதை நடுவதற்குத் தடை விதித்தது. விரைவான பலனை நாடும் மனம் மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் தவறுகிறது.

கன்றைச் சுற்றி அமைக்கும் இரும்புக் கூண்டிலும் ஒரு பாடம் உண்டு. இளமையில் கூண்டு இல்லையேல் மாடு மேய்ந்துவிடும். அடிமரம் பருத்த பின்னும் கூண்டை அகற்றாவிட்டால், இரும்பு பட்டைக்குள் புதைந்து மரத்தை நெரிக்கும். காத்த அதே கம்பி பின்னர் கேடாகிறது. எப்போது கூண்டிடுவது, எப்போது எடுப்பது என்று அறிந்தவரே நல்ல தோட்டக்காரர். பிள்ளைகளை வளர்ப்போருக்கும், நிறுவனங்களை நடத்துவோருக்கும், மாணவர்களைப் பேணும் ஆசிரியருக்கும் இது பொருந்தும்.

நிறைவாக

நட்ட மரம் யாருடையது என்னும் கேள்விக்கு இனி விடை கூறலாம். கடமையைப் பொறுத்தவரை அது நட்டவருடையது. பயனைப் பொறுத்தவரை அது அனைவருடையது. இவ்விரண்டும் இடம் மாறும்போது, அதாவது பயன் தமக்கும் கடமை பிறருக்கும் என்று ஆகும்போது, நகரம் குப்பைமேடாகிறது. இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும்போது அதே நகரம் சோலையாகிறது.

'நான்', 'எனது' என்பவற்றை ஒழிக்கும் சாதனைக்குக் காடு தேடிச் செல்ல எல்லோராலும் இயலாது. வீட்டு வாயிலைக் கடந்து இருபது அடி தூரம் ஒரு வாளி நீர் சுமந்து செல்லுதல் யாவருக்கும் இயலும். அந்த நீர் தமக்குச் சொந்தமில்லாத ஒரு வேரில் சேரும்போது, மமகாரத்தின் எல்லைக்கோடு சிறிது அழிகிறது. நாள்தோறும் அவ்வாறு அழித்து வருபவர், மரம் வளர்கிறதோ இல்லையோ, தாம் வளர்கிறார்.